வீட்டை விற்கச் சொல்லாதீர்கள்

பணி ஓய்வு விழாவில் போட்ட ரோஜா மாலை வாடுவதற்குள் அந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. "இனிமே ரெண்டு பேருக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய வீடு? வித்துட்டு சின்னதா ஒரு ஃப்ளாட் வாங்கிக்கிட்டு நிம்மதியா இருங்க." மகன் சொல்கிறான், மருமகன் சொல்கிறார், காலை நடையில் கூட வரும் நண்பர் சொல்கிறார், யூடியூபில் நிதி ஆலோசனை வழங்குகிறவர் சொல்கிறார். மறுத்துப் பேச ஆளில்லை. மறுத்தால் மண்ணாசை பிடித்த கிழம் என்று பெயர் வரும்.

இந்த யோசனை தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒருவர்கூட வீட்டை விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நங்கநல்லூரிலும் மடிப்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும், கோவை, திருச்சி, மதுரையின் விரிவாக்கப் பகுதிகளிலும் எண்பதுகளில் சொஸைட்டி லோன் போட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து, மனைவியின் வளையலை அடகு வைத்து அரை கிரவுண்டிலோ ஒரு கிரவுண்டிலோ தனி வீடு கட்டிக்கொண்ட தலைமுறை ஒன்று இருக்கிறது. அந்தத் தலைமுறை முழுவதற்கும் இதைப் பொது விதியாக ஓதுவது பெரிய தீங்கு.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இது ஓரளவு நியாயமான யோசனைதான். நியூ ஜெர்சி, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் வீட்டு வரி மட்டும் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் போகிறது. பென்ஷனில் வாழ்கிறவருக்கு அது பெருஞ்சுமை. விற்பதற்குச் சட்டமும் கைகொடுக்கிறது. குடியிருந்த வீட்டை விற்றால் வரும் லாபத்தில் தனியாளுக்கு 2,50,000 டாலர் வரையிலும் தம்பதிக்கு 5,00,000 டாலர் வரையிலும் மத்திய வருமான வரி கிடையாது. மீதிப் பணத்தை என்ன செய்தாலும் அரசு கேட்பதில்லை. பிரிட்டனிலும் ஒருவர் குடியிருந்து வந்த ஒரே வீட்டை விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. அந்த நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சுற்றிலும் பார்ப்பதைத்தான் நம்மிடம் சொல்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அந்த ஊர்ச் சட்டம் இந்த ஊரில் இல்லை என்பதை மட்டும் யோசிப்பதில்லை.

இங்கே நிலைமை நேர் எதிர். வருமான வரிச் சட்டத்தில் வீட்டை விற்று வீடு வாங்குகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. 54ஆம் பிரிவு என்றால் ஆடிட்டர்கள் எல்லோருக்கும் தெரியும். விற்ற லாபத்தில் எவ்வளவு பணத்தை இன்னொரு வீட்டில் போடுகிறோமோ அவ்வளவுக்குத்தான் அந்த விலக்கு. லாபம் முழுவதையும் அதே அளவு பெரிய வீட்டில் போடுகிறவர் ஒரு ரூபாய் வரி கட்ட வேண்டியதில்லை. சின்ன வீட்டுக்குப் போகிறவர்தான் கட்ட வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1985இல் வாங்கிய மனை, அதில் கட்டிய வீடு. வரிக் கணக்கில் வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளும் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இன்று 2.5 கோடிக்கு விற்கிறார். லாபம் 2.4 கோடி. பதிவுச் செலவு உட்பட 80 லட்சத்தில் ஒரு ஃப்ளாட் வாங்குகிறார். மீதி 1.6 கோடிக்கு 12.5 சதவீத வரி, அதாவது 20 லட்சம். சர்சார்ஜையும் செஸ்ஸையும் சேர்த்தால் 23 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு பகுதியை, 50 லட்சம் வரை, ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட பாண்டுகளில் போட்டு வரியைக் குறைக்கலாம். ஆனால் அந்தப் பணத்தை ஐந்து வருடம் தொட முடியாது. எழுபத்திரண்டு வயதுக்காரரைப் பார்த்து "ஐந்து வருடம் பொறுங்கள்" என்று சொல்வது எவ்வளவு கனமான வார்த்தை என்று யோசியுங்கள்.

இது வருமான வரி மட்டும். கைமாறும் ஃப்ளாட் என்றால் வழிகாட்டி மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். புரோக்கர் கமிஷன் தனி. கார் பார்க்கிங் தனி, கார்பஸ் ஃபண்ட் தனி. பழைய வீட்டின் தேக்கு பீரோவும் ஊஞ்சலும் லிஃப்டில் ஏறாது என்று தெரிந்த பிறகு புதுச் சாமான்கள். விற்கும்போது காதில் விழுந்த பெரிய தொகை, குடியேறி முடிக்கும்போது எங்கே போனது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, செலவு போகட்டும். வாங்கியது என்ன? விற்றது 2,400 சதுர அடி மண். வாங்கியதில் மண் என்பது பிரிபடாத பங்காக 300, 400 சதுர அடி. அதுவும் எந்த மூலையில் என்று காட்ட முடியாத பங்கு. மண் விலை ஏறும், கட்டிடம் பழசாகும் என்று சொஸைட்டி லோன் வாங்கிய நாளில் இவர்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் இவர்கள்தான். மாத மெயின்டனன்ஸ் எவ்வளவு என்பதைச் சங்கக் கூட்டம் முடிவு செய்கிறது. நீச்சல் குளத்தில் கால் வைக்காதவரும் நீச்சல் குளத்துக்குக் கட்டுகிறார். தனி வீட்டில் இந்த வருடம் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று அவரே முடிவெடுத்துக்கொள்ளலாம். இங்கே முடியாது. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டிடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அது வழி செய்கிறது. இளம் குடும்பங்களுக்கு அது நல்ல சட்டம். எண்பத்தைந்து வயதில், கடைசி வீடு என்று நம்பி வந்த இடத்தை விட்டு வாடகை வீடு தேடிப் போக வேண்டியவருக்கு அது எப்படி இருக்கும்?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான பகுதிகளில் தரைத்தளத் தனி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. அதே நாட்களில் மின்சாரம் போய், லிஃப்ட் நின்று, குடிதண்ணீர் கேனை மேலே தூக்கி வர ஆளில்லாமல் ஐந்தாவது மாடியிலும் ஆறாவது மாடியிலும் முதியவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். மாடி ஏறிவிட்டால் பாதுகாப்பு என்பது பாதி உண்மைதான்.

பணக் கணக்கை இதோடு விடுகிறேன். என்னை எழுத வைத்தது வேறு விஷயம். கணவர் போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் நிலைமை.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகள் கணவர் பெயரில் இருக்கின்றன. பெரும்பாலான கணவர்கள் உயில் எழுதுவதில்லை. உயில் எழுதினால் சாவை வரவழைப்பது போல என்று இன்னமும் நினைக்கிறார்கள். உயில் இல்லாமல் அவர் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்காகப் பிரியும். அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ஒரு மகன், ஒரு மகள் என்றால் மனைவியின் பங்கு மூன்றில் ஒன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு விற்பனையைப் பாருங்கள். வீடு விற்காமல் இருக்கும்வரை அந்த அம்மா முழு வீட்டிலும் வாழ்கிறார். அடுக்களை அவருடையது, பூஜை அறை அவருடையது, வாசலில் போடும் கோலம் அவருடையது. பங்கு என்ற பேச்சே எழுவதில்லை. விற்ற அன்று அவர் மூன்றில் ஒரு பங்குக்காரர் ஆகிவிடுகிறார். அந்தப் பங்கையும் "அம்மாவுக்கு எதுக்கு அவ்ளோ பணம்?" என்று கேட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடும் குடும்பங்கள் உண்டு.

அதன் பிறகு நடப்பதை விவரிக்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். அவருக்காக வாங்குவதாகச் சொன்ன சின்ன ஃப்ளாட் முதலில் தள்ளிப்போகும். "கொஞ்ச நாள் எங்ககூட இருங்கம்மா, பாத்து வாங்கிக்கலாம்" என்பார்கள். ஆறு மாதம் மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு என்று முறை வைப்பார்கள். ஒரு சூட்கேஸ், ஒரு மாத்திரை டப்பா, ஒரு சாமி படம். பேரனுக்கு மெடிக்கல் சீட், மகனுக்கு அவசரக் கடன், மகளுக்கு வீட்டு லோன் முன்பணம் என்று கையில் இருக்கும் ரொக்கத்துக்குக் காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். பெற்ற மனம் இல்லையென்று சொல்லாது. மண்ணாக இருந்தவரை யாரும் கேட்காத பணம் அது. வீடு இருக்கும் அம்மாவைத் தேடிப் பிள்ளைகள் தீபாவளிக்கு வருவார்கள். வீடு இல்லாத அம்மா பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருப்பவர். அங்கே டிவி எந்நேரம் ஓட வேண்டும் என்பதுகூட அவர் கையில் இல்லை.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு பிள்ளைக்குத் தானமாக எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய அதன் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. பிள்ளைக்குக் கொடுத்ததைக்கூடத் திரும்பப் பெற வழி உண்டு. நியாயமான விலைக்கு அந்நியருக்கு விற்றுவிட்ட வீட்டைத் திரும்பப் பெற எந்தச் சட்டமும் இல்லை.

"அப்படியானால் முட்டி வலியோடு மூன்று படுக்கையறை வீட்டைப் பெருக்கிக்கொண்டு கிடக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. தொல்லை எது என்று பிரித்துப் பார்த்தால் பதிலும் கிடைக்கும். படி ஏற முடியவில்லை என்றால் படுக்கையைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். வழுக்கி விழும் பயம் என்றால் குளியலறையில் வழுக்காத டைல்ஸ் போட்டு, சுவரில் கைப்பிடி அடித்து, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, வாசல்படி ஓரம் ஒரு சரிவுப் பாதை கட்டுங்கள். இவை எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு ஃப்ளாட்டின் பத்திரச் செலவுக்குள் முடிந்துவிடும்.

தனிமையும் திருட்டுப் பயமும்தான் கவலை என்றால், அதற்கு மருந்து நம் ஊரிலேயே இருந்தது. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் ஒரு காலத்தில் போர்ஷன் இல்லாத வீடு அபூர்வம். வீட்டுக்காரர் முன்பக்கம், குடித்தனக்காரர் பின்பக்கமோ மாடியோ. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடைத்தால் ஓடி வந்து ஆட்டோ பிடிப்பது மாடியில் இருப்பவர்தான். சிகாகோவில் இருக்கும் மகனால் அது முடியாது. குடித்தனக்காரரின் குழந்தை ஹோம்வொர்க் சந்தேகம் கேட்டுத் தாத்தாவிடம் வரும். வாடகையும் வரும். காலி செய்ய மாட்டார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொண்டால் அந்தப் பயத்துக்குப் பெருமளவு இடமில்லை. அறைகள் அதிகம் என்றால் அறைகளை வாடகைக்கு விடுங்கள். வீட்டின் பரப்பு குறைய வேண்டும் என்பதற்காக வீட்டையே இழக்க வேண்டியதில்லை.

கையில் பணமில்லை, வீடு மட்டும்தான் இருக்கிறது என்கிறவர்களுக்கு ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்ற ஏற்பாடு உண்டு. 2007-08 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அறுபது வயது தாண்டியவர் சொந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்து மாதாமாதம் பணம் பெறலாம். அந்த வீட்டில் குடியிருக்கும்வரை கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் கடனை அடைத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம். விருப்பமில்லை என்றால் வங்கி விற்றுக் கணக்கைத் தீர்த்துவிட்டு மீதியைக் கொடுக்கும். வங்கிகள் இதை முன்வந்து சொல்வதில்லை, நாமாகப் போய்க் கேட்கத்தான் வேண்டும். இதற்குப் பிள்ளைகளே குறுக்கே நிற்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. விற்கச் சொன்னவர்கள்தான் அடமானம் என்றதும் "எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்கிறார்கள்.

விற்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனை எட்டாத ஊரில், அக்கம்பக்கத்தில் அத்தனை பேரும் விற்றுவிட்டுப் போய்விட்ட தெருவில், நினைவு தடுமாறும் துணையை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர் இடம் மாறுவதே சரி. கோவையைச் சுற்றி எழுந்துள்ள முதியோர் குடியிருப்புகளில் மனநிறைவோடு வாழ்கிறவர்களும் உண்டு. அவர்களில் பலர் உடல் திடமாக இருக்கும்போதே, தாங்களே போய்ப் பார்த்து, தாங்களே தேர்ந்தெடுத்துப் போனவர்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. பிறர் அவசரத்துக்காக முதியவர்கள் வீட்டை இழப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பில் தெம்பு இருக்கும்போதே உயில் எழுதுங்கள். வீட்டை மனைவி பெயருக்கு எழுதி வையுங்கள். அது முடியாவிட்டால், அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் அவருக்கு உரிமை உண்டு, அதுவரை யாரும் விற்கக் கூடாது என்றாவது எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிடுங்கள். தாய்மார்களுக்கு என் வேண்டுகோள் இது: துணையை இழந்த முதல் ஒரு வருடம், யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.