தப்பைத் தேய்க்காதீங்க

தெஹியோவிட்டத் தோட்டத்தில் எடுத்த காமன் கூத்து வீடியோவுக்கு ஒரு நிமிஷ ட்ரெய்லர் வெட்டினேன். தப்பு நின்று வயலின் தொடங்கும் இடம் இடித்தது. எல்லாரும் சொல்ற மாதிரி இரண்டு செக்கனுக்கு கிராஸ்ஃபேட் போட்டேன். இடி போச்சு, ஆனா இரண்டு தாளமும் மோதி ஒரே இரைச்சல்.

கிராஸ்ஃபேட் கெட்டதில்லை. 'கான்ஸ்டன்ட் கெய்ன்' போட்டால் நடுவில் சத்தம் தணியும், 'கான்ஸ்டன்ட் பவர்' அதைச் சமமாகக் கொண்டுபோகும். மெல்லிசைக்கு அது சரி. தப்பு, விடியக்காலையில் நம்ம ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்ட சத்தம். அதை ஏன் பாதியில் தேய்த்து மறைக்கணும்? கடைசி அடி முழுசா விழட்டும். அதிர்வு அடங்கும்போது வயலின் வரட்டும்; நாலைந்து ஃபிரேம் ஃபேட் போதும்.

ட்ரான்ஸிஷனை இழுத்துப் போடுறதுக்கு முந்தி, அடி எங்கே முடியுதுன்னு ஒருதரம் கேளுங்க.