தவக்காலத்தில் கொஞ்சம் மௌனம்

தவக்காலம் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது என்ன? கறி சமைக்காத வீடு, தள்ளிப் போடப்பட்ட கல்யாணம், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, ஒலிபெருக்கியில் பாட்டு... மௌனம் யாருக்காவது நினைவுக்கு வருகிறதா? எனக்கு சந்தேகம்தான்.

சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின நாள் வரை 46 நாட்கள். அதில் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த 40 நாட்களின் நினைவு அது. அங்கே அவரைச் சுற்றிக் கூட்டமில்லை, பேச்சில்லை. ஆக, இந்தக் காலத்தின் வேரே தனிமைதான்.

சாம்பல் புதனன்று கத்தோலிக்கத் திருப்பலியில் வாசிக்கப்படுவது மத்தேயு நற்செய்தி 6-ம் அதிகாரம். செபத்தையும் நோன்பையும் பிறர் பார்க்கச் செய்யாதே என்பதுதான் அதன் சாரம். அதைக் கேட்ட கையோடு நெற்றியில் சாம்பலோடு தெருவில் இறங்குகிறோம்! சாம்பல் தவறு என்று சொல்லவில்லை. அது ஊருக்குக் காட்ட அல்ல, நமக்கே நினைவூட்டத்தான் என்கிறேன்.

திருச்சபையும் இந்த நாட்களில் சத்தத்தைக் குறைக்கிறது. தவக்காலத்தில் அல்லேலூயா பாடுவதில்லை. பெரிய வெள்ளி வழிபாட்டைக் குருவானவர் மௌனமாகத் தொடங்குகிறார். நாமோ ஒலிபெருக்கியைக் கூட்டுகிறோம்.

ஏன்? என்னைப் பொறுத்தவரை காரணம் பயம். ஒருசந்தி இருப்பது சுலபம், வயிறு மட்டும்தான் முனகும். சும்மா பத்து நிமிடம் உட்கார்ந்தால் மனசாட்சி பேச ஆரம்பித்துவிடும். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன், கூலி பாக்கிக்காகக் காத்திருக்கும் வேலையாள் எல்லோரும் கண் முன்னே வந்து நிற்பார்கள். அநியாயத்தின் கட்டுகளை அவிழ்ப்பதே உண்மையான நோன்பு என்று ஏசாயா 58-ம் அதிகாரம் சொல்வதும் இதைத்தானே?

'கூடிச் செபிப்பது வேண்டாமா?' என்று சிலர் கேட்கலாம். நிச்சயம் வேண்டும். பசியும் முதுமையும் தனிமையும் வாட்டும் பலருக்குக் கோயில் கூட்டம்தான் ஆறுதல். ஆனால் அண்ணனிடம் போய்ப் பேசும் முடிவை எனக்காகக் கூட்டம் எடுக்க முடியாது.

இதற்கு வழியும் பழையதுதான். புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' 1548-ல் அச்சானது. அதிலுள்ள ஆத்தும சோதனையில் ஐந்து படிகள்: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது. கைப்பேசியை அணைத்துவிட்டு இரவில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மெழுகுவர்த்திகூட வேண்டாம்.

ஐந்தாவது படிதான் முக்கியம் நண்பர்களே. தீர்மானத்தில் முடியாத மௌனம் வெறும் ஓய்வு. நாற்பது நாள் கறியை விட்டவர் நாற்பத்தோராவது நாள் கறி சாப்பிடுவார். ஆனால் நாற்பது நாளில் ஒரு பகையை விட்டவருக்கு உயிர்ப்பு ஞாயிறன்று சாப்பிட ஒரு அண்ணனும் கூட இருப்பார்.