ஓய்வு நாள் வீண் நாளா?

இமயமலைக்கு நடைப்பயணம் போகிறவர்களுக்குப் பயண நிறுவனங்கள் ஓர் அட்டவணை கொடுப்பது வழக்கம். எத்தனையாவது நாள் எந்த ஊர், அன்று எத்தனை மணி நேரம் நடை, இரவு எங்கே தங்கல் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் பாதையை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் காட்மாண்டுவிலிருந்து விமானத்தில் லுக்லா. மறுநாள் நடந்து நாம்சே பஜார். அடுத்த கட்டத்தில் 'நாம்சேயில் ஓய்வு' என்றிருக்கும். இன்னும் மேலே, திங்போச்சே என்ற ஊரில் மற்றோர் ஓய்வு நாள். இதைப் பார்த்ததும் பலருக்குப் பேனாவை எடுத்து அடித்துவிடத் தோன்றும். "இருப்பதே 12 நாள் விடுமுறை. அதில் 2 நாள் சும்மா உட்கார்ந்திருப்பதா? அதை எடுத்துவிட்டால் செலவும் குறையுமே!" என்பார்கள். வாடிக்கையாளர் கேட்கிறாரே என்று நிறுவனங்களும் சில சமயம் எடுத்துவிடுகின்றன.

அந்த அட்டவணையிலேயே மிக முக்கியமான நாள்கள் இந்த ஓய்வு நாள்கள்தாம் என்பது என் கருத்து. அது மட்டுமல்ல; தேவைப்பட்டால் இன்னும் ஒரு நாளைக் கூட்டவும், "போதும், திரும்புவோம்" என்று சொல்லவும் குழுவோடு நடக்கும் வழிகாட்டிக்கு முழு அதிகாரம் இருக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளங்க, முதலில் கொஞ்சம் காற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

மலை உச்சியில் ஆக்சிஜன் குறைவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 100 பங்கு காற்றில் ஏறக்குறைய 21 பங்கு ஆக்சிஜன். சென்னைக் கடற்கரையிலும் அதே 21. எவரெஸ்ட் உச்சியிலும் அதே 21. விகிதம் அப்படியே இருக்க, காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. இதை முதன்முதலில் அளந்து காட்டிய சோதனை மிக அழகானது. 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சு நாட்டில் புளோரின் பெரியே என்பவர், தம் மைத்துனர் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி, பாதரசக் குழாயுடன் புய்-தெ-தோம் என்ற மலைமேல் ஏறினார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தது. அடிவாரத்து மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் அவர் மலை ஏறினார். கீழே இருந்த குழாயில் பாதரசம் அசையவில்லை! ஒப்பீட்டுச் சோதனை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். ஒரு முறை மூச்சை இழுத்தால் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் பாதிதான். (அங்கே தண்ணீர் 83 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைப்பவர் பாடு திண்டாட்டம்!) "ஊட்டிக்குப் போனபோது எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்பீர்கள். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். பொதுவாக, 2,500 மீட்டருக்கு மேல் போய் இரவு தங்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள் நம் கழுத்தின் இரு பக்கமும் உள்ளன. அவை கிளை பிரியும் இடத்தில் அரிசி அளவில் ஒரு சின்னஞ்சிறு உறுப்பு உண்டு. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதுதான் முதலில் கண்டுகொண்டு, "வேகமாக மூச்சு விடு" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூச்சு வேகமானால் ஆக்சிஜன் கூடும். அத்துடன் பிரச்சினை தீர்ந்தது என்கிறீர்களா? தீரவில்லை. மூச்சு வேகமாகும்போது கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. சோடாவைத் திறந்து வைத்தால் வாயு போய் அதன் சுள்ளென்ற புளிப்புக் குறைகிறதல்லவா? அதுபோல இரத்தத்தில் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை கூடுகிறது. இதைக் கவனிக்க மூளைக்குள் இன்னொரு காவலாளி இருக்கிறான். அவன் "மெதுவாக, மெதுவாக" என்று மூச்சுக்குத் தடை போடுகிறான். ஒருவன் விரட்ட, ஒருவன் பிடித்து இழுக்க, புதிதாக உயரத்துக்கு வந்தவரின் உடம்பு முதல் இரண்டு மூன்று நாள் இந்த இழுபறியில்தான் இருக்கிறது.

தூங்கும்போது இது கண்ணுக்கே தெரியும். பக்கத்தில் படுத்திருப்பவர் வேகவேகமாக மூச்சு வாங்குவார். திடீரென்று சில விநாடி மூச்சே நின்றுவிடும். பிறகு பெருமூச்சுடன் மறுபடி தொடங்கும். முதன்முறை பார்ப்பவர் பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இந்த வழக்கைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். அது இரத்தத்தில் மிகுந்துள்ள பைகார்பனேட்டைப் பிரித்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. காரத்தன்மை தணிகிறது, தடை விலகுகிறது, மூச்சு தாராளமாகிறது. ஆனால் இது ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை, இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். ஆகவே நாம்சேயில் நீங்கள் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் சிறுநீரகம் அன்று ஓய்வில் இல்லை. அன்றைக்கு வழிகாட்டிகள் குழுவைச் சில நூறு மீட்டர் மேலே நடத்திக் கூட்டிப்போய், மறுபடி கீழே கொண்டுவந்து தூங்க வைப்பார்கள். உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டு, இரவில் அதற்குச் சலுகை கொடுக்கும் முறை இது. 3,000 மீட்டரைத் தாண்டிய பின் இரவு தங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்று மலை மருத்துவர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே வருத்தமான சான்று உண்டு. 1962-இல் சீனாவுடன் போர் மூண்டபோது சமவெளியிலிருந்து நம் வீரர்கள் அவசரமாக இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் காலத்து அனுபவத்தையொட்டி இந்தர் சிங் முதலிய இந்திய மருத்துவர்கள், மலை நோயால் பாதிக்கப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றி 1969-இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. இளமையும் பயிற்சியும் நிறைந்த உடம்புகள் அவை. எதிரியைப் பார்க்கும் முன்பே பலர் தலைவலியாலும் வாந்தியாலும் மூச்சுத் திணறலாலும் வீழ்ந்தார்கள்.

நடைப்பயணிகளைப் பற்றிய புள்ளிவிவரம் 1976-இல் வந்தது. எவரெஸ்ட் பாதையில், 4,200 மீட்டருக்கு மேல் உள்ள பெரிச்சே என்ற சிற்றூரில் 278 பயணிகளை மருத்துவர் ஹாக்கெட்டும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தார்கள். 53 விழுக்காட்டினருக்கு மலை நோய் இருந்தது. சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் உள்ள லுக்லாவுக்கு விமானத்தில் வந்திறங்கியவர்களுக்கு, நடந்தே வந்தவர்களைவிட அதிகம். வேகமாக ஏறியவர்களுக்கு அதிகம். இன்னொன்றையும் அந்த ஆய்வு சொன்னது. மாணவர்களாகிய நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியது இது. இளவயதினருக்கே நோய் மிகுதியாகவும் கடுமையாகவும் இருந்தது! "நான் பள்ளியில் ஓட்டப்பந்தய வீரன், எனக்கு ஒன்றும் வராது" என்பதெல்லாம் அங்கே செல்லாது. 1953-இல் டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்டை வென்ற குழு, காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்துதான் மலையடிக்கு வந்து சேர்ந்தது. அந்த நடையே அவர்களுக்கு மருந்தாயிற்று. 1964-இல் லுக்லாவில் விமானத் தளம் வந்ததிலிருந்து அந்த மருந்தை நாம் விட்டுவிட்டோம். லடாக்கில் 3,500 மீட்டரை ஒட்டிய லே நகருக்கு டில்லியிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய் இறங்குகிறவர்களின் கதையும் இதேதான்.

தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். அதோடு நின்றால் நல்லது. பொருட்படுத்தாமல் மேலே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், மூளை வீங்கலாம். இரண்டும் உயிருக்கே உலை வைப்பவை. நேர்கோட்டில் ஒரு பாதத்தின் குதிகாலை மற்றொரு பாதத்தின் விரல் நுனியில் ஒட்டிவைத்து நடக்கச் சொல்லி வழிகாட்டிகள் பார்ப்பார்கள். தள்ளாடினால் இரவானாலும் கீழே இறக்கிவிட வேண்டும். இறங்குவதே தலையாய சிகிச்சை. மருந்துகள் உண்டு. அசெட்டசோலமைடு மாத்திரை செய்வதும், மேலே சொன்ன சிறுநீரக வேலையைத் துரிதப்படுத்துவதுதான். அதை மருத்துவர் சொல்லாமல் விழுங்கக் கூடாது. இறங்க முடியாத நிலையில், நோயாளியைக் காற்றுப் புகாத பெரிய பைக்குள் படுக்க வைத்துக் காலால் மிதித்துக் காற்றடிக்கிறார்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால், ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கியதுபோன்ற பலன் கிடைக்கும். இதற்குக் காமோ பை என்று பெயர். இதை உருவாக்கிய ஈகோர் காமோ, இளைஞர்களுக்காக அருமையான அறிவியல் நூல்கள் எழுதிய ஜார்ஜ் காமோவின் மகன்!

இப்போது வழிகாட்டியிடம் வருவோம். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று நேபாள வழிகாட்டிகள் ஓயாமல் சொல்வார்கள். மெல்ல, மெல்ல என்று பொருள். வழி தெரிந்தவர் என்பதற்காக மட்டும் அவரை நாம் கூட்டிப் போகவில்லை. எவரெஸ்ட் பாதையில் வழி தவறுவது அரிது. முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். பத்துப் பேரில் யார் காலையில் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்தார், யார் பேச்சைக் குறைத்துக்கொண்டார், யார் கால் தடுக்குகிறது என்று பார்த்துக்கொண்டே வரும் கண்கள் அவருடையவை. நோயாளிக்குத் தன் நிலை தெரியாமல் போகலாம். தெரிந்தாலும், "என்னால் எல்லோருக்கும் தாமதமா?" என்ற கூச்சத்தில் மறைப்பார். நண்பர்கள் கூட்டத்தில் இந்தக் கூச்சம் எவ்வளவு பொல்லாதது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த வழிகாட்டியின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். "இன்று மேலே போக வேண்டாம்" என்றால் பயணிகள் முகம் சுளிப்பார்கள். முன்பதிவு செய்த விடுதியும் விமானமும் தவறும். நிறுவனம் ஏன் என்று கேட்கும். அவருக்குக் கிடைக்கும் அன்பளிப்பும் குறையும். சரியான முடிவு எடுக்கிறவருக்கே நட்டம் என்றால் அது என்ன ஏற்பாடு? 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பயணிகள் மலைப்பாதைகளில் வழிகாட்டி இல்லாமல் நடக்கக் கூடாது என்று நேபாளம் அறிவித்தது. எவரெஸ்ட் பகுதியின் உள்ளாட்சி அதை ஏற்கவில்லை. விதி நல்லதா, கெட்டதா என்று வாதாடுகிறார்கள். அட்டவணையை மாற்ற அதிகாரமில்லாத வழிகாட்டியைச் சட்டம் போட்டுக் கூட்டிப் போய் என்ன பயன் என்பதே என் கேள்வி.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. எல்லா வழிகாட்டிகளும் நேர்மையானவர்கள் இல்லை. பெரிய நோய் இல்லாதவர்களையும் ஹெலிகாப்டரில் ஏற்றி, காப்பீட்டுப் பணத்தைப் பங்கு போடுகிறார்கள் என்ற புகார் எழுந்து, 2018-இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. அதனால்தான் அறிவு வழிகாட்டியிடம் மட்டும் இருந்தால் போதாது, நடக்கிறவரிடமும் இருக்க வேண்டும் என்கிறேன். தலைவலி எதனால் வருகிறது, எப்போது இறங்க வேண்டும் என்று தெரிந்த பயணியை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

சுமை தூக்கி வருகிறவர்களையும் மறந்துவிடக் கூடாது. 'ஷெர்ப்பா' என்பதைத் தொழிற்பெயராக நினைக்கிறோம். அது ஓர் இனத்தாரின் பெயர். தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழ்ந்த அவர்களுடைய உடம்பு குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகியது. ஆனால் சுமையாளர் பலர் ராய், தமாங் போன்ற தாழ்ந்த மலைகளின் மக்கள். மலை நோய் நம்மைப் போலவே அவர்களையும் தாக்கும். நாம்சே சந்தைக்குச் சரக்குத் தூக்கிச் சென்றவர்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2005-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தார்கள்! நெற்றியில் மாட்டிய பட்டையில் கூடையைத் தாங்கி, மெல்ல நடந்து, அடிக்கடி நின்று இளைப்பாறிப் போவது அவர்கள் முறை. நம்முடைய அட்டவணை அவர்களையும் சேர்த்தே விரட்டுகிறது. தலைவலி என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று அஞ்சுகிறவர் வாயைத் திறப்பாரா?

என்றைக்காவது நீங்களோ உங்கள் வீட்டாரோ இப்படி ஒரு பயணத்துக்குப் பணம் கட்டப் போனால், விடுதியில் வெந்நீர் உண்டா என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் எவ்வளவு உயரத்தில் தங்குகிறோம்? அட்டவணையில் யாருக்கும் ஒதுக்காத உபரி நாள் ஒன்று இருக்கிறதா? ஒருவர் நோயுற்றுத் திரும்ப நேர்ந்தால் அவருடன் இறங்குவதற்கு இரண்டாவது வழிகாட்டி உண்டா? சுமை தூக்குகிறவருக்குக் கம்பளி உடையும் காப்பீடும் தந்திருக்கிறார்களா, அவர் நோயுற்றால் கூலி பிடிப்பார்களா? பதில்களைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கொடுக்கலாம்.