பல் வைத்தியரும் பூச்சாண்டியும்

நம் வீடுகளில் குழந்தைகளைப் பயமுறுத்துவதற்கென்றே மூன்று பேர் இருக்கிறார்கள்: பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர். முதல் இருவரால் அவ்வளவு கெடுதல் இல்லை. பூச்சாண்டி ஒருநாளும் வரப்போவதில்லை. போலீஸ்காரருக்கோ வேறு வேலை இருக்கிறது. ஆனால் டாக்டரிடம் குழந்தை என்றைக்காவது போய்த்தான் ஆகவேண்டும். "சாதம் சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டியே வளர்த்த குழந்தையைத் திடீரென்று பல் வைத்தியருடைய நாற்காலியில் உட்கார்த்தி, "சமர்த்தாக வாயைத் திற" என்றால் அது எப்படித் திறக்கும்? அது அழுவது முரட்டுத்தனத்தால் அன்று; நாம் கற்பித்த பாடத்தை மறவாமல் ஒப்பிக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் நமக்கு, கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் புதியவன் அல்லன். முதல் நாள் இரவு அவன் தூங்கியிருக்கமாட்டான். கணக்கு அவன் காதில் ஏறாது. பெற்றோரைக் கேட்டால், "விழுகிற பல்தானே, ஸார்!" என்பார்கள். பாற்பற்கள் 20. அவற்றுள் முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்குவது மெய்யே. ஆனால் கடைவாய்ப் பாற்பற்கள் 10 முதல் 12 வயது வரையில் உழைக்கவேண்டியவை. அன்றியும், ஏறக்குறைய ஆறாம் வயதில், எந்தப் பல்லும் விழாமலே, அவற்றுக்குப் பின்னால் நிரந்தரமான கடைவாய்ப்பற்கள் நான்கு முளைக்கின்றன. அவற்றையும் பாற்பல் என்று எண்ணிச் சொத்தைக்குப் பலிகொடுப்பவர் பலர்.

வலி பொறுக்க முடியாமற்போகும் வரையில் காத்திருப்பதில் மற்றொரு தீமையும் உண்டு. பல்லை மரக்கச் செய்யும் மருந்து, வீங்கிச் சீழ் கொண்ட இடத்தில் செவ்வையாக வேலை செய்வதில்லை. அங்கே சதையில் அமிலத்தன்மை மிகுதியாவதால் மருந்து நரம்பினுள் புகுவது குறைந்துவிடுகிறது. ஆகவே, தாமதித்து அழைத்துச் செல்லப்பட்ட குழந்தைக்கே வலி அதிகம். அந்த வலியை அது மறப்பதில்லை. அடுத்த முறை இன்னும் அஞ்சும். பெற்றோரும் இன்னும் தாமதிப்பார்கள். முதற் பிறந்த நாளுக்குள்ளாகவே குழந்தையை ஒருமுறை பல் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்று நிபுணர்கள் சொல்வது இதனாலேதான். வலியில்லாத நாளில் போன இடம் பயப்படும் இடமாகாது.

பல் வைத்தியத்துக்கும் வலிக்கும் என்றும் பிரியாத உறவு என்று நினைப்பவர்கள் ஒன்றை அறியவேண்டும். 1844-ம் வருஷம் அமெரிக்காவில் ஹோரேஸ் வெல்ஸ் என்பவர் 'சிரிப்பு வாயு' என்னும் நைட்ரஸ் ஆக்ஸைடைச் சுவாசித்து, தம் பல்லையே பிடுங்கச் செய்து பரீட்சித்தார். 1846-ல் வில்லியம் மார்ட்டன் என்பவர் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் ஈதரின் சக்தியை உலகறியச் செய்தார். இருவரும் பல் வைத்தியர்களே! இன்று ஊசி வழியே செலுத்தப்படும் லிடோகெயின், 1943-ல் ஸ்வீடன் தேசத்தில் நில்ஸ் லோஃப்கிரென் என்பவர் கண்டது. ஊசி குத்தும் இடத்திலும் முன்னதாகக் களிம்பு தடவி ஓரிரு நிமிஷம் பொறுத்தால் குத்துவது அவ்வளவாகத் தெரியாது. மிகவும் அஞ்சும் குழந்தைக்குச் சிரிப்பு வாயுவைப் பிராணவாயுவோடு கலந்து கொடுக்கிறார்கள். குழந்தை விழித்தபடியே அமைதியாக இருக்கும். நிறுத்திய சில நிமிஷங்களில் மயக்கம் தெளிந்துவிடும். ஆரம்பச் சொத்தையாயின், துளைக்காமலே வெள்ளி கலந்த ஃப்ளூரைடு மருந்தைத் தடவி மேலும் பரவாமல் நிறுத்தவும் கூடும். தடவிய சொத்தை கறுத்துப்போவதுதான் அதன் குறை. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் இதனை அத்தியாவசிய மருந்துகளின் வரிசையில் சேர்த்தது.

எனினும் மருந்தைக் காட்டிலும் பெரியது நம்பிக்கை. நல்ல குழந்தை வைத்தியர் முதலில் சொல்லுகிறார். பிறகு கருவியைக் காட்டுகிறார். அதன் பின்னரே செய்கிறார். "கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்" என்று வாக்களித்து, தூக்கியவுடன் நிறுத்தியும் விடுகிறார். தன் கையில் அதிகாரம் இருக்கிறதென்று கண்ட குழந்தை அதை வீணில் பயன்படுத்துவதில்லை. இதை வகுப்பிலும் கண்டிருக்கிறோம்.

பெற்றோர் செய்யவேண்டியது சொற்பமே. "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லவேண்டாம். "கொஞ்சம் சுருக்கென்றிருக்கும், பிறகு மரத்துவிடும்" என்று மெய்யைச் சொல்லுங்கள். கடைத்தெருவுக்கென்று ஏமாற்றி அழைத்துச் செல்லவேண்டாம். தூக்க வேளையைத் தவிர்த்துக் காலையில் செல்லுங்கள். உங்கள் பல் பிடுங்கிய கதையை அன்று சொல்லாதீர்கள். திரும்பிய பின், மரப்புத் தெளியும் வரையில் உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. டாக்டர் எடைக்கேற்பச் சொல்லும் பாராசிடமால் போதும்.

பல் வலியோடு மாதக்கணக்கில் கிராம்பை அடக்கிக்கொண்டு காலந்தள்ளும் நாற்பது வயதுக்காரர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களில் அநேகர், ஆறு வயதில் நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்க, பல் பிடுங்கப்பட்ட குழந்தைகளே. இன்றைய குழந்தை நாற்பதாம் வயதில் எப்படி இருக்கும் என்பது நாம் இன்று சொல்லும் சொல்லைப் பொறுத்தது. பூச்சாண்டியின் உத்தியோகத்திலிருந்து டாக்டரை இன்றே விடுவித்துவிடுவோம்.