ஆறு எலும்புத் துண்டுகளும் ஒரு கழித்தல் கணக்கும்: முதுமாணியில் எந்தத் தெரிவுப் பாடத்தை எடுப்பது?

முதுமாணிக் கற்கைக்குப் பதிவு செய்த மாணவர்கள் தெரிவுப் பாடங்களைக் குறித்துக் கொடுக்கும் காலத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், எந்தப் பாடத்தில லேசாப் புள்ளி எடுக்கலாம்?" கேட்பவர்களை நான் குறை சொல்வதில்லை. கிழமை நாட்களில் பாடசாலையில் படிப்பித்துவிட்டு, சனி ஞாயிறுகளில் முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பஸ் ஏறி வருபவர்கள் அவர்கள். சம்பள ஏற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஒரு முதுமாணி தேவை. வீட்டில் பிள்ளைகள், கடன், வயதான பெற்றோர். இருந்தும் கலைத்துறை முதுமாணி மாணவர்களின் ஆய்வேடுகளைப் பல வருடங்களாக வாசித்து வருபவன் என்ற வகையில் எனக்கு வேறொரு பதில் இருக்கிறது. உங்கள் துறைக்கு வெளியே இருந்து ஒரு பாடத்தையாவது எடுங்கள் என்பதே அது. இலேசான பாடமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்தப் பதிலுக்கான காரணங்கள் பல்கலைக்கழகச் சுவருக்குள் இல்லை. மன்னாரிலும் கொக்குத்தொடுவாயிலும் செம்மணியிலும் இருக்கின்றன.

மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டதும், 300இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அங்கிருந்து எடுக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். ஆறு எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: கி.பி. 1404இற்கும் 1635இற்கும் இடைப்பட்டவை. அன்றிலிருந்து எங்கள் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் இரண்டே குரல்கள்தான் கேட்டன. ஒன்று, விஞ்ஞானம் சொல்லிவிட்டது, விடயம் முடிந்தது என்றது. மற்றது, இது திட்டமிட்ட மறைப்பு, அறிக்கையே பொய் என்றது. நடுவில் நின்று சரியான கேள்வியைக் கேட்கக்கூடியவர்கள் எங்களிடம் மிகக் குறைவாகவே இருந்தார்கள்.

எது சரியான கேள்வி? கடலுணவு அதிகம் உண்பவர்களின் எலும்பில் காபன் திகதி உண்மையான வயதை விடப் பழையதாகக் காட்டும் என்பது தொல்லியல் மாணவருக்குத் தெரிந்த விடயம். மன்னார் கரையோரம் என்பதால் சிலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அதே பாடத்தில் இன்னொன்றும் சொல்லித் தருவார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகளால் வளிமண்டலத்தில் கதிரியக்கக் காபனின் அளவு பெருமளவு கூடியது. அதன் பின் பிறந்து வளர்ந்தவர்களின் எலும்பில் அந்த அடையாளம் பதிந்திருக்கும். ஆகவே 1990களில் கொல்லப்பட்ட ஒருவரின் எலும்பு, மீன் சாப்பிட்டார் என்பதற்காக 15ஆம் நூற்றாண்டுக்குரியதாகத் தோன்றாது. இது எங்களுக்கு உவப்பான செய்தியல்ல. ஆனால் இதை ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த கேள்விக்குப் போகலாம்: அந்த ஆறு மாதிரிகளும் எந்த எலும்புக்கூடுகளிலிருந்து, எந்த மண்படையிலிருந்து எடுக்கப்பட்டன? 300இற்கும் மேற்பட்டவற்றுக்காக ஆறு பேசமுடியுமா? ஒரே நிலத்தில் வெவ்வேறு காலத்துப் புதைப்புகள் இருக்க வாய்ப்புண்டா? நீதிமன்றத்தில் எழுப்பினால் எடுபடக்கூடிய கேள்விகள் இவை. "அறிக்கை பொய்" என்று கத்துவது அப்படியானதல்ல.

2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் இன்னொரு புதைகுழி வெளிப்பட்டது. அங்கிருந்து 52 பேருடைய எச்சங்கள் மீட்கப்பட்டன. அவை 1994–1996 காலத்துக்குரியவை எனத் தொல்லியல் அறிக்கை கூறியது. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் தொடங்கிய அகழ்வில் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. சிறுபிள்ளை ஒன்றின் எச்சங்களுடன் நீலப் புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. இவ்வளவும் நடக்கும்போது எங்கள் கலைப்பட்டதாரிகளில் பெரும்பாலானோர் செய்தது முகநூலில் படத்தைப் பகிர்ந்ததுதான். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. மண்படை என்றால் என்ன, சட்ட வைத்திய அதிகாரியின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கைமாறும் சான்றுப்பொருளின் பதிவு ஏன் முக்கியம் என்பதை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

ஆர்ஜென்டீனாவை எடுத்துப் பாருங்கள். 1976 முதல் 1983 வரையான இராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஆட்சி விழுந்ததும் புதைகுழிகளைக் கண்டபடி தோண்டினார்கள். எலும்புகள் கலந்தன, சான்றுகள் அழிந்தன. 1984இல் அமெரிக்கத் தடயவியல் மானிடவியலாளர் கிளைட் ஸ்நோ அங்கு போனார். பெயர் பெற்ற நிபுணர்கள் தயங்கி நிற்க, அவருடன் குழிக்குள் இறங்கியவர்கள் தொல்லியல், மானிடவியல், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளம் மாணவர்கள். பயந்து பயந்துதான் இறங்கினார்கள். அந்த மாணவர் குழுவே பின்னர் ஆர்ஜென்டீனத் தடயவியல் மானிடவியல் அணியாக வளர்ந்து, பல நாடுகளில் பணியாற்றியது; 1997இல் பொலிவியாவில் சே குவேராவின் எச்சங்களை அடையாளம் காண்பதிலும் பங்கெடுத்தது. மானிடவியல் படித்தவர் எலும்பைப் படிக்கவும், தொல்லியல் படித்தவர் தாய்மாரிடம் கேள்வி கேட்கவும் பழகிக்கொண்டதனால் உருவான அணி அது.

எங்களிடமும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் இருவர் கணிதம் கற்பித்தவர்கள், ஒருவர் உளமருத்துவர், ஒருவர் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம. அவர் 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த நூலின் அரசியலுடன் முரண்படுபவர்கள் எம்மத்தியில் பலர், அது வேறு விவாதம். நான் கவனிப்பது ஒன்றைத்தான்: அந்தக் காலத்தை ஆவணப்படுத்த முன்வந்த அந்த நால்வரில் ஒருவர்கூட வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவரல்ல.

அடுத்து எண்கள். கலைப்பீட மாணவர்களில் பலர் கணிதத்துக்குப் பயந்து உயர்தரத்தில் கலைப்பிரிவுக்கு வந்தவர்கள். புள்ளிவிபரவியல் என்றால் பாடப்பட்டியலில் அந்த வரியையே வாசிக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் இழப்புப் பற்றிய மிகப் பெரிய விவாதமே ஒரு கழித்தல் கணக்கில்தான் நிற்கிறது. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் அதை வைத்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் கணக்குப்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். ஐ.நா. கணக்குப்படி 2009 ஜூலை 10 அளவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்திருந்தோர் 282,380 பேர். மிகுதி 146,679 பேர் எங்கே?

அவர் குடித்தொகையியலாளர் அல்லர், ஒரு மேய்ப்பர். அரசாங்கத்தின் சொந்தக் காகிதங்களை எடுத்து, அரசாங்கம் மறுக்கமுடியாத விதத்தில் கேள்வியாக மாற்றினார். 2009இன் தொடக்கத்தில் வன்னியில் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அதே அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்ததையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். வெளியே வந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டுமே அதைப் போல நான்கு மடங்கு. எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் அனுப்பும் அரிசியும் மருந்தும் குறையும் என்பது முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு நின்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லாத கணக்கு.

ஆனால் ஆயர் கேட்டது ஒரு கேள்வி. நாங்கள் அதை ஒரு கோஷமாக ஆக்கிவிட்டோம். ஒன்றரை இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்று எழுதுகிறோம். ஆயர் அப்படிச் சொல்லவில்லை, கணக்கில் வராதவர்கள் என்றார். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. இவ்விரு எண்களும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். கிராம சேவையாளர் பதிவில் இருமுறை பதியப்பட்டோர் எத்தனை, இடையில் கடல்வழியாகப் போனோர் எத்தனை, பிறப்பும் இயற்கை இறப்பும் எத்தனை என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்குப் பதில் சொல்ல எங்களில் எத்தனை பேர் தயார்?

பெரு நாட்டின் உண்மை ஆணைக்குழுவிடம் பெயர் பெயராகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 24,000 பேர். வெவ்வேறு பட்டியல்களில் ஒரே பெயர் எத்தனை தடவை திரும்ப வருகிறது என்று பார்த்து, ஒரு பட்டியலிலும் வராதவர்களையும் மதிப்பிட்டு, 2003இல் அந்த ஆணைக்குழு 69,280 என்ற எண்ணுக்கு வந்தது. குளத்தில் மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, மறுபடி வலை வீசி மொத்தத்தைக் கணிக்கும் அதே முறைதான். உயர் கணிதம் தேவையில்லை. ஒரு பருவகாலப் பாடம் போதும். தேவைப்படுவது பட்டியல்கள். அவை எங்களிடம் தேவாலயங்களிலும் சங்கங்களிலும் அம்மாமாரின் கொட்டில்களிலும் கிடக்கின்றன.

காணி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வடக்கில் ஏறத்தாழ 6000 ஏக்கர் காணிக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும் என்றது. எதிர்ப்புக் கிளம்பி, உயர் நீதிமன்றம் தலையிட்டு, பின்னர் அது மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாதப் பதற்றத்தில் வெளிப்பட்டது என்ன? எங்கள் சனங்களின் உறுதிகள் இடப்பெயர்வில் போய்விட்டன. இருப்பவற்றை வாசிக்கவும் ஆளில்லை. பழைய உறுதியில் "பரப்பு" என்றிருந்தால் அது நெற்காணிப் பரப்பா வரகுக் காணிப் பரப்பா என்று பார்க்க வேண்டும். முன்னையதில் 24 பரப்பு ஒரு ஏக்கர், பின்னையதில் 16. தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது என்று வரலாற்று மாணவர் பரீட்சையில் எழுதுவார். அதே தேசவழமை இன்றும் நீதிமன்றத்தில் நடைமுறையில் இருப்பதைச் சட்டபீடத்தில் படிப்பார்கள். இந்த இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இருந்ததை நான் கண்டதேயில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி பாடநெறி மட்டுமான முதுமாணி 30 கிரெடிட், ஆய்வும் சேர்ந்தது 60. ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். எனவே மூன்று கிரெடிட் பாடம் ஒன்று உங்கள் வாழ்க்கையில் 150 மணித்தியாலத்தை எடுக்கும். அதைப் புள்ளிக்காக மட்டும் செலவிடுவது நட்டம். ஆய்வேட்டுத் தலைப்பை முதலில் ஓரளவு தீர்மானியுங்கள். அதில் உங்களால் செய்யமுடியாமல் இருக்கும் ஒரு வேலையைக் கண்டுபிடியுங்கள். அந்த வேலையைக் கற்பிக்கும் பாடத்தைத் தேடுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். "சமாதானம்", "நல்லிணக்கம்", "நிலைமாறுகால நீதி" என்று பெயரிட்ட பாடங்களில் சில அருமையானவை. சிலவற்றில் திட்ட அறிக்கை எழுதும் மொழியைத் தவிர வேறொன்றும் இல்லை. மதிப்பீட்டு முறையைக் கேளுங்கள்: முடிவில் ஒரு கட்டுரை மட்டும்தானா, அல்லது ஒரு வரைபடத்தையோ தரவுத்தொகுதியையோ நீங்கள் கையால் செய்ய வேண்டுமா?

எங்கள் கற்கைநெறிகள் பலவற்றில் தெரிவு என்பது பெயரளவில்தான் என்பதும் உண்மை. விரிவுரையாளர் இருக்கும் இரண்டு பாடங்களே "தெரிவு" ஆகிவிடும். பிற பீடத்துப் பாடத்தைக் கேட்டால் அனுமதி, நேரசூசி, கட்டணம் என்று மூன்று மேசைகளுக்கு அலைய வேண்டும். மாணவி ஒருவர் சட்டப் பாடம் கேட்டுப் போன இடத்தில் "உங்களுக்கு ஏன் இது?" என்று திருப்பி அனுப்பப்பட்டதை நான் அறிவேன். பட்டியலில் சேர்க்க முடியாவிட்டால் புள்ளியில்லாமல் வகுப்பில் இருக்கலாமா என்று விரிவுரையாளரிடம் நேரே கேளுங்கள். பலர் மறுப்பதில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. பிற துறைப் பாடத்துக்கு அங்கு இடம் கிடைக்கும். அந்த இடத்தையும் தெரிந்த விடயத்தையே திரும்பப் படிப்பதற்குச் செலவிடுபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஆழம் போய்விடும், எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்து ஒன்றிலும் நிலைக்காமல் போவார்கள் என்று மூத்த பேராசிரியர்கள் எச்சரிப்பார்கள். அது நியாயமான பயம். ஒரு பாடம் படித்த தமிழ்த்துறை மாணவர் தடயவியலாளர் ஆகிவிட மாட்டார்; அப்படி நினைத்துக் குழிக்குள் இறங்கினால் கேடுதான் செய்வார். தன் எல்லை எங்கே, யாரை அழைக்க வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

என்னைக் கேட்டால், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பற்றி எழுத நினைப்பவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டியது உளவியல் அல்லது உளசமூகப் பாடம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் உட்கார்ந்த பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். மீதி இருக்கும் அம்மாமாரிடம் வருடாவருடம் மாணவர்கள் அதே வினாக்கொத்துடன் போகிறார்கள். பிள்ளையைக் கடைசியாகக் கண்டது எப்போது, என்ன உடுப்புப் போட்டிருந்தார் என்று கேட்டு, அழவைத்து, பதிவு செய்துகொண்டு வந்து, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போட்டுவிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு பிரதிகூடப் போவதில்லை. அதே கதையை அவர் ஆணைக்குழுக்களுக்கும், காணாமல் போனோர் அலுவலகத்துக்கும், பத்திரிகையாளருக்கும் ஏற்கனவே சொல்லியிருக்கிறார். முன்பு சொன்னவற்றைத் தேடி எடுத்து வாசித்துவிட்டு, இன்னும் கேட்கப்படாத ஒன்று இருந்தால் மட்டும் போங்கள் என்பதே என் மாணவர்களுக்கு நான் சொல்வது. இவ்வருடம் இருவர் அப்படித் தேடப் புறப்பட்டு, நேர்காணல் எடுக்கும் திட்டத்தையே கைவிட்டு, சிதறிக் கிடக்கும் பட்டியல்களை ஒப்பிடும் வேலைக்கு மாறியிருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது புள்ளிவிபரவியல் விரிவுரையாளர் ஒருவரின் கையொப்பம் தேவை.