ரெயில் விபத்தும் சர்க்கார் கடமையும்

ரெயில் விபத்து ஒன்று நேர்ந்தவுடன் நமது தேசத்தில் வழக்கமாக நடைபெறும் காரியங்கள் மூன்று. மந்திரி ஸ்தலத்துக்கு விரைந்து செல்கிறார். மாண்டவர் குடும்பத்துக்கு இவ்வளவு, காயமடைந்தோருக்கு இவ்வளவு என்று உதவித் தொகை அறிவிக்கப்படுகிறது. கீழ்ப்படியிலுள்ள சிப்பந்திகள் சிலர் வேலையிலிருந்து தாற்காலிகமாக நீக்கப்படுகிறார்கள். நாலாவதாக நடைபெறவேண்டிய காரியம் ஒன்றுண்டு. விபத்து ஏன் நேர்ந்தது என்பதை, விசாரணை செய்த அதிகாரி எழுதிய எழுத்துப்படியே, ஒரு வரி குறையாமல் ஜனங்கள் முன் வைப்பதுதான் அது. 2023-ம் வருஷம் ஜூன் மாதம் 2-ந் தேதி ஒடிஸாவில் ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்ட பாலசோர் விபத்துக்குப் பிறகு அந்த நாலாவது காரியம் நடைபெறவில்லை. ராஜ்ய சபையில் எழுந்த கேள்விக்கு எழுத்து மூலம் கொடுத்த பதிலில், அறிக்கையின் சாரமாகச் சில வாக்கியங்கள் மட்டும் அடுத்த மாதம் வெளிவந்தன. இது சரியன்று என்பது நமது அபிப்பிராயம். ஏன் சரியன்று என்று சொல்ல வேண்டுமானால் வண்டியின் பிரேக்கிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் ஓடுவதால் உராய்வு குறைவு. பெரும் பாரத்தை ஒரே இஞ்சின் இழுத்துச் செல்வதற்கு உதவும் அந்தக் குணமே, நிறுத்த வேண்டிய சமயத்தில் விரோதியாகிவிடுகிறது. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்த ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் வேண்டும். டிரைவர் எதிரேயுள்ள தடையைக் கண்ணால் கண்டு பிரேக் போடுவது பெரும்பாலும் காலங் கடந்த காரியம். ஆகையால் அவர் இரண்டை நம்பியே வண்டியை ஓட்டுகிறார். சிக்னல் பொய் சொல்லாது என்பது ஒன்று. பிரேக் கைவிடாது என்பது மற்றொன்று.

ஆதியில் ரெயில் வண்டிகளுக்குக் கைப் பிரேக்குத்தான். இஞ்சின் ஊதும் சப்தத்தைக் கேட்டு ஆட்கள் ஆங்காங்கே முறுக்க வேண்டும். 1869-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர், இஞ்சினிலிருந்து அழுத்திய காற்றைக் குழாய் வழியாக அனுப்பி எல்லா வண்டிகளிலும் ஒருங்கே பிரேக் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு பெருங்குறை இருந்தது. குழாய் அறுந்தால் பிரேக்கே இராது. மூன்று வருஷத்துக்குள் அவர் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும்; அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு வண்டியிலும் தனித்தனியே சேமித்து வைத்த காற்றுப் பாய்ந்து பிரேக்கைப் பிடிக்கும். டிரைவர் வேண்டுமென்று குறைத்தாலும் சரி, குழாய் வெடித்தாலும் சரி, வண்டி இரண்டாக அறுந்தாலும் சரி, வண்டி நின்றுவிடும். கெட்டுப்போனாலும் ஆபத்தில்லாத பக்கமாகவே கெட்டுப்போக வேண்டும் என்ற இந்த எண்ணந்தான் ரெயில்வேயின் பந்தோபஸ்து முழுவதற்கும் அடிப்படை. சிக்னலும் இவ்விதமே. அதன் சுற்றில் பழுது நேர்ந்தால் அது 'நில்' என்று காட்டவேண்டுமேயன்றிப் 'போ' என்று காட்டலாகாது.

கண்டுபிடித்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. பிரிட்டனில் 1875-ல் நியூவார்க் அருகே பலவகைப் பிரேக்குகளைப் பரீட்சை செய்து பார்த்தார்கள். வண்டி அறுந்தால் தானே பிடிக்கும் பிரேக் வேண்டுமென்று சர்க்கார் இன்ஸ்பெக்டர்கள் விபத்துக்கு விபத்து எழுதி வந்தார்கள். ஆனால் போர்டு ஆப் டிரேட் இலாகாவுக்குப் புத்தி சொல்லும் அதிகாரம் இருந்ததேயொழியக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. கம்பெனிகள் செலவைக் காட்டித் தட்டிக் கழித்தன.

1889-ம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி அயர்லாந்தில் ஆர்மா நகரத்திலிருந்து கடற்கரை ஊராகிய வாரன்பாயிண்டுக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகளையும் பெற்றோர்களையும் ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாசப் பிரயாண வண்டி புறப்பட்டது. வண்டிகள் பதினைந்து, பிரயாணிகள் தொள்ளாயிரத்துக்கு மேல். ஊருக்கு வெளியே 75 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் இஞ்சின் திணறி நின்றது. முன்பாகத்தை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு மீதியைப் பிறகு எடுத்துச் செல்லலாம் என்று தீர்மானித்து, பின்னாலிருந்த பத்து வண்டிகளைக் கழற்றினார்கள். அந்த வண்டியின் வாக்குவம் பிரேக் தானே பிடிக்கும் வகையைச் சேர்ந்ததன்று. கழற்றிய கணமே அது பயனற்றுப் போயிற்று. பத்து வண்டிகளையும் அவற்றிலிருந்த ஜனங்களையும் தாங்கி நின்றவை கார்டு வண்டியின் கைப் பிரேக்கும், சக்கரங்களுக்கடியில் அவசரமாக வைத்த சில கற்களுமே. முன்பாகம் புறப்படும்போது சற்றுப் பின்வாங்கி இடித்தது. பத்து வண்டிகளும் கற்களைத் தாண்டிச் சரிவில் பின்னோக்கி ஓடி, அடுத்து வந்துகொண்டிருந்த வண்டியின்மேல் மோதின. கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. சுமார் எண்பது பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

அந்த ஆகஸ்டு மாதம் 30-ந் தேதியே சட்டம் நிறைவேறியது. பிரயாணி வண்டிகள் அனைத்துக்கும் தானே பிடிக்கும் பிரேக் கட்டாயமாயிற்று. பல வருஷங்களாகக் கம்பெனிகளுக்கு முடியாதிருந்த காரியம் எண்பது நாட்களில் முடிந்துவிட்டது! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரந்தான். எனினும் நமஸ்காரமாவது நடந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விசாரணை செய்த மேஜர் ஜெனரல் ஹட்சின்ஸன் எழுதிய அறிக்கை பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது. அயர்லாந்தை அடக்கி ஆண்டுவந்த சர்க்கார்கூட ஐரிஷ் குழந்தைகள் மாண்ட காரணத்தை அச்சிட்டு வெளியிட்டது.

தானே பிடிக்கும் பிரேக் வந்தும் மனிதன் செய்யவேண்டிய வேலை தீர்ந்துவிடவில்லை. சேமித்த காற்று நாழிகை ஆக ஆகக் கசிந்துவிடும். விட்டுவிட்டுப் போகும் வண்டிக்குக் கைப் பிரேக்கை முறுக்கியே ஆகவேண்டும். கானடாவில் 2013-ம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி, 72 எண்ணெய் டாங்கிகள் கொண்ட வண்டி ஒன்று ஆளில்லாமல் சரிவில் இறங்கி லாக்-மெகாண்டிக் என்ற ஊருக்குள் பாய்ந்து எரிந்தது. 47 பேர் மாண்டார்கள். அதை ஓட்டி வந்து நிறுத்தியவர் ஒரே ஆள். முறுக்கியிருந்த கைப் பிரேக்குகள் ஏழு. இரவில் இஞ்சினில் தீப்பிடித்தது, அணைக்க வந்தவர்கள் இஞ்சினை நிறுத்தினார்கள், காற்றுப் பம்பும் நின்றது, அழுத்தம் கசிந்தது. நமது தேசத்திலும் 2024 பிப்ரவரி 25-ந் தேதி ஜம்முவைச் சேர்ந்த கதுவா ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த கூட்ஸ் வண்டி, டிரைவர் இல்லாமலே எழுபது கிலோமீட்டருக்குமேல் ஓடிப் பஞ்சாபுக்குள் போய்விட்டது. மரக்கட்டைகளையும் மணல் மூட்டைகளையும் தண்டவாளத்தின்மேல் போட்டு அதை நிறுத்தினார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பது தெய்வாதீனம். ஆர்மாவில் கற்கள்; 135 வருஷங்களுக்குப் பின் பஞ்சாபில் மணல் மூட்டைகள்!

ஆகாய விமானத்தின் நிலை வேறு. சந்தேகம் தோன்றினால் நடுவானில் நின்றுவிட முடியாது. ஆகவே எந்த ஓர் உறுப்புத் தனியாகக் கெட்டாலும் விமானம் விழலாகாது என்பது அங்கே விதி; முக்கியமான கருவிகளெல்லாம் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக வைக்கப்படுகின்றன. போயிங் கம்பெனி தனது 737 மாக்ஸ் விமானத்தில் இந்த விதியை மீறியது. விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் ஓர் ஏற்பாடு அதில் இருந்தது. காற்றை எந்தக் கோணத்தில் விமானம் எதிர்கொள்கிறது என்று அளக்கும் கருவிகள் இரண்டு இருந்தும், அந்த ஏற்பாடு ஒன்றின் சொல்லை மட்டுமே கேட்டது. விமானிகளின் கையேட்டில் அதைப்பற்றிய விவரமும் இல்லை. 2018 அக்டோபர் 29-ந் தேதி இந்தோனேஷியாவில் 189 பேர். 2019 மார்ச் 10-ந் தேதி எதியோப்பியாவில் 157 பேர். முதல் விபத்துக்குப் பிறகு, திருத்தாவிட்டால் இவ்வகை விமானங்களின் ஆயுளில் பதினைந்து விபத்துகள்வரை நேரலாம் என்று அமெரிக்க விமான நிர்வாகமே கணக்குப் போட்டு வைத்திருந்தது. கணக்கைப் போட்டவர்கள் விமானத்தைத் தரையில் நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கணக்கு அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன் 2019 டிசம்பரில் வெளியாயிற்று, உலகம் அறிந்தது.

இனி நமது தேசத்துக்கு வருவோம். ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பிழைப்புக்காகத் தெற்கே வரும் தொழிலாளர் பலரைச் சுமந்து, பாலசோர் ஜில்லா பாஹாநகா பஜார் ஸ்டேஷனை அடைந்தது. மெயின் லைனில் நேரே போகலாம் என்று சிக்னல் பச்சை காட்டியது. பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புக் கனிமம் ஏற்றிய கூட்ஸ் வண்டி நின்றது. மோதிச் சிதறிய பெட்டிகள், எதிர் லைனில் ஹௌராவுக்குச் சென்றுகொண்டிருந்த பெங்களூர் வண்டியின் பின்பாகத்தையும் கவிழ்த்தன. டிரைவர் சிக்னலுக்குக் கீழ்ப்படிந்தார்; அவர்மேல் குற்றமில்லை. ஸ்டேஷனின் வடக்குச் சிக்னல் அறையில் முன்னொரு சமயம் செய்த இணைப்பு மாறுதலிலும், லெவல் கிராஸிங் கேட்டின் தடுப்பை மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று ராஜ்ய சபைக்குக் கொடுத்த பதில் கூறியது. பாயிண்டும் சிக்னலும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பூட்டி வைக்கும் யந்திரத்தின் கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால், அது பொய்யையே மெய்யென்று நம்பிப் பச்சை காட்டுகிறது. வேலை முடிந்தபின் ஒவ்வொரு பாயிண்டையும் நேரில் பார்த்துச் சிக்னலோடு ஒத்திருக்கிறதா என்று சோதிப்பது ஒன்றே இதற்குப் பரிகாரம். அது ஏன் நடைபெறவில்லை? ஆள் குறைவா, நேரம் போதவில்லையா, மேலதிகாரிகளின் அவசரமா? அந்தப் பதிலில் இதற்கு விடையில்லை.

இன்னும் வருந்தத்தக்க விஷயம், எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது என்பது. அதே வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி மைசூர்ப் பிரிவைச் சேர்ந்த ஹோசதுர்க ரோடு ஸ்டேஷனில், சிக்னல் ஒன்று சொல்லப் பாயிண்டு வேறொன்றாக இருந்தது. டிரைவர் விழிப்பாக இருந்து வண்டியை நிறுத்தினார். தென்மேற்கு ரெயில்வேயின் தலைமைப் போக்குவரத்து அதிகாரி, இது பெரிய ஆபத்தின் அறிகுறி என்று மேலே எழுதினார். அந்தக் கடிதம் யார் மேஜையில் எத்தனை நாள் கிடந்தது? பாலசோர் வழக்கில் 2023 ஜூலையில் கைதானவர்கள் இரண்டு இஞ்சினீயர்களும் ஒரு தொழிலாளியும். அவர்கள் குற்றவாளிகளா என்பது நீதிஸ்தலத்தின் பொறுப்பு. நாம் அதில் தலையிடவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று மட்டும் கேட்கிறோம்.

'கவச்' வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். சிவப்பைத் தாண்டும் வண்டியைத் தானே நிறுத்தும் அந்தக் கருவி நமது தேசத்திலேயே உருவானது. அதில் நமக்கும் பெருமை உண்டு. பாலசோர் விபத்தின்போது, மொத்தம் சுமார் 68,000 கிலோமீட்டர் ரெயில் வழியில் 1,450 கிலோமீட்டர் அளவுக்கே அது இருந்தது. விரைவாகப் பரப்ப வேண்டியதுதான். ஆயினும் அக்கருவி சிக்னலை நம்புவது. சிக்னலே தவறாகச் சொன்னால் அது என்ன செய்யும்? பாலசோரில் கவச் இருந்தாலும் பயனிராது என்று ரெயில்வே அதிகாரிகளே அப்போது சொன்னார்கள்.

யந்திரம் சரியாக நடந்துகொண்டும் ஆபீஸ் கெடுத்ததற்கு உதாரணம் அடுத்த வருஷமே கிடைத்தது. 2024 ஜூன் 17-ந் தேதி வங்காளத்தில் ரங்கபாணி அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் கூட்ஸ் வண்டி மோதியது. அன்று காலை முதல் அங்கே சிக்னல்கள் பழுதாகிச் சிவப்பையே காட்டின. அதாவது, கெட்டாலும் ஆபத்தில்லாத பக்கமாகவே கெட்டிருந்தன. அவற்றைத் தாண்டிப் போக டிரைவர்களுக்குக் காகித உத்தரவு கொடுக்கப்பட்டது. விபத்து நடந்த அன்றே ரெயில்வே போர்டுத் தலைவர், மாண்டுபோன கூட்ஸ் டிரைவர்மேல் பழியைப் போட்டார். பின்னர் விசாரித்த ரெயில்வே பந்தோபஸ்துக் கமிஷனரோ, உத்தரவுக் காகிதமே தவறானது, வேகம் இவ்வளவு என்று அதில் குறிப்பிடவில்லை, குறை பல படிகளில் இருக்கிறது என்று கண்டார். இறந்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான் என்ற தைரியத்தில் பேசுவதா? அந்த டிரைவர் குடும்பத்துக்கு நியாயம் செய்தது விசாரணை அறிக்கையேயன்றி வேறில்லை.

வழக்கு நடக்கும்போது அறிக்கையை வெளியிட்டால் நியாய விசாரணைக்குப் பங்கம் வரும் என்று ஆட்சேபம் சொல்லலாம். லாக்-மெகாண்டிக் விபத்தில் 2014 மே மாதம் வழக்குத் தொடர்ந்தார்கள். ஆகஸ்டு மாதமே விசாரணைச் சபை, பதினெட்டுக் காரணங்களை விவரித்து முழு அறிக்கையை வெளியிட்டது. அதனால் வழக்குக் கெட்டுவிடவில்லை. 2018 ஜனவரியில் ஜூரிகள் மூன்று சிப்பந்திகளையும் விடுதலை செய்தார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியதுமில்லை. நமது ரெயில்வே பந்தோபஸ்துக் கமிஷன், ரெயில்வேயின் செல்வாக்குக்கு உட்படாதிருக்க வேண்டுமென்று விமானப் போக்குவரத்து இலாகாவின்கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. அதே இலாகாவின்கீழ் உள்ள விமான விபத்து விசாரணைப் பிரிவு, 2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் விமானம் விழுந்து 260 பேர் மாண்டதும், ஒரு மாதத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டது. விமானத்தில் பறப்பவனுக்கு உண்டென்ற உரிமை, கோரமண்டலின் ஜெனரல் பெட்டியில் நின்றுகொண்டு வந்தவனுக்கு ஏன் இல்லை? கமிஷனரின் ஒவ்வொரு அறிக்கையும், அவர் கையெழுத்திட்ட மூன்று மாதங்களுக்குள், ரெயில்வேயின் பதிலோடு பார்லிமெண்டின் முன் வைக்கப்பட வேண்டுமென்று சட்டம் செய்ய வேண்டும். பாலசோர் அறிக்கையையும், ஹோசதுர்க ரோடு சம்பவம் பற்றிய கடிதத்தையும், அதற்கு மேலிடம் எழுதிய பதிலையும், பதில் எழுதவில்லையானால் எழுதவில்லை என்ற உண்மையையும் முதலாவதாக வைக்கட்டும்.