சிக்கனப் பயணத்தில் விடுபடும் ஒரு செலவு

நண்பர்கள் ஒன்றுகூடிச் சிறு செலவில் ஊர் பார்க்கச் செல்வதை ஏளனமாகப் பேசுவோர் உண்டு. நான் அவர்களுள் ஒருவன் அல்லன். கையில் பணம் குறைவாக இருக்கும்போதுதான் நாம் பேருந்தில் ஏறுகிறோம்; நடக்கிறோம்; உள்ளூரார் உண்ணும் கடையில் அமர்ந்து அவர்களோடு பேசுகிறோம். ஓர் ஊரை அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஆயினும் இத்தகைய பயணங்களின் கணக்கில் ஒரு செலவு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதை நான் கொல்லங்கோட்டில் உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நண்பர்கள் நால்வர் கோவையிலிருந்து புறப்பட்டோம். தலைக்கு ஆயிரம் ரூபாய் பொதுப்பணமாகச் சேர்த்தோம். காலை ரயிலில் பாலக்காடு சென்று, ஹைதர் அலி 1766-இல் கட்டுவித்த கோட்டையை அதன் அகழியோரமாக நடந்து பார்த்தோம். பின்னர் பேருந்தில் கொல்லங்கோடு. நெல்லியாம்பதி மலைச்சரிவில் மழைக்கால அருவிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மலையடிவாரம் வரை நெல்வயல், இடையிடையே பனைகள். பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை.

படம் எடுப்பதற்காக நால்வரும் ஒரு வரப்பின்மேல் வரிசையாக நின்றோம். அண்மையில்தான் சேறு அணைத்துப் பூசிய வரப்பு அது. ஓரிடத்தில் சரிந்து, மேல் வயலின் நீர் கீழ் வயலுக்குப் பாயத் தொடங்கியது. மண்வெட்டியுடன் ஒரு முதியவர் வந்தார். அவர் சினம் கொள்ளவில்லை. “வரப்பு இடிஞ்சா தண்ணி நிக்காது தம்பி. போட்டோ எடுங்க, வேண்டாம்னு சொல்லல. ரோட்டுல நின்னு எடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பைச் சீர்செய்யக் குனிந்தார். நாங்கள் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை.

பொள்ளாச்சி வழியாகத் திரும்பும் பேருந்தில் கணக்குப் பார்த்தோம். நாலாயிரத்தில் ரூ.1,340 மிச்சம். மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம். அப்போது எங்களுள் ஒருவர், “அந்த வரப்புக்கு எவ்வளவு எழுதுவது?” என்று கேட்டார். எவரிடமும் விடை இல்லை.

தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா 2023-இல் சமூக ஊடகத்தில் பகிர்ந்த பத்து அழகிய இந்தியச் சிற்றூர்களின் பட்டியலில் கொல்லங்கோடும் இருந்தது. அதன்பின் விடுமுறை நாள்களில் இங்கு வருவோர் தொகை பெருகியது. வருவோர் காண விரும்புவது அரண்மனையையோ அருங்காட்சியகத்தையோ மட்டும் அன்று. மலைக்கு முன்னே விரிந்திருக்கும் பசுமையை. மலை இயற்கை தந்தது. பசுமையோ, ஒவ்வோர் ஆண்டும் உழுது, நட்டு, நீர் கட்டி, களை பறித்து மனிதர்கள் உண்டாக்குவது. அக்காட்சிக்கு நுழைவுச்சீட்டு இல்லை. அதனாலேயே அதற்கு விலையும் இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

இது கொல்லங்கோட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ, சிறு செலவில் ஊர் சுற்றும் நண்பர் குழுக்களுக்கு உகந்த நகரம். அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நகரின் நடுவே நிற்கும் குன்றில் எவரும் ஏறலாம். பழைய நகரத் தெருக்களில் நாள் முழுதும் நடக்கலாம். ஆனால் அத்தெருக்களைப் பேணும் செலவை அந்நகர மக்கள் மட்டுமே ஏற்பது முறையன்று என்று கருதிய நகர மன்றம், 2026 சூலை 24 முதல் தங்குமிடக் கட்டணத்தில் 5 விழுக்காட்டை வருகையாளர் வரியாகப் பெற 2025-இல் முடிவு செய்தது. தொடர்ந்து தங்கும் முதல் ஐந்து இரவுகளுக்கே அவ்வரி. வெனிஸ் நகரம் 2024-இல், குறிப்பிட்ட சில நாள்களில், பகலில் வந்து செல்வோரிடம் ஐந்து யூரோ பெறத் தொடங்கியது. நம் உதகையிலும் கொடைக்கானலிலும் அதே ஆண்டு மே மாதம் முதல், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி, வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது.

கொல்லங்கோட்டிலும் வரி விதிக்கலாமே எனச் சிலர் கேட்கலாம். அது பயன் தராது என்பது என் கருத்து. பலரும் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். விடுதி வரி அவர்களைத் தொடாது. வயல்வெளிக்கு வாயிற்கதவும் இல்லை. மேலும், நுழையும்போதே கட்டணம் என்றால் முதலில் விலகிப்போகிறவர் மாணவரும் எளியவருமே.

வருகையாளரால் ஊருக்கு வருமானம் உண்டே என்ற வாதமும் உள்ளது. உண்மைதான். தேநீர்க் கடைக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அது கிடைக்கிறது. ஆனால் வரப்புக்கு உரியவருக்கு அதில் ஒரு காசும் சேர்வதில்லை; மிதிபட்ட நாற்றும் வயலில் எறியப்பட்ட நெகிழிப் புட்டியுமே அவர் பங்கு. நெல்வயல் நாட்டுக்குச் செய்யும் பணியை மதித்து, கேரள அரசு 2020-இல் வயல் உரிமையாளர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அது ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ரூ.2,000, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ ரூ.800. எங்கள் ஒருநாள் பயணத்தின் மிச்சமே அதைவிட மிகுதி.

எனவே என் கருத்து இது: ஒவ்வொரு நண்பர் குழுவும் தன் பயணத் திட்டத்தில் ‘ஊர்ப்பங்கு’ என்று ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு போதும். நாலாயிரம் என்றால் நானூறு. அது நன்கொடை அன்று. தன்மானமுள்ள உழவர் அதை ஏற்கவும் மாட்டார். அவ்வூர் விளைவித்ததை, விளைவித்தவரிடமோ அவர்தம் கூட்டுறவு அமைப்பிடமோ வாங்குவதற்கான தொகை அது. பாலக்காட்டு மட்டை அரிசியை இரண்டு கிலோ வாங்கலாம். பருவத்தில் சென்றால் அருகிலுள்ள முதலமடையின் மாம்பழம் வாங்கலாம். மதிய உணவைக் குடும்பஸ்ரீ மகளிர் நடத்தும் உணவகத்தில் உண்ணலாம்.

பணம் செலவாகாத கடமைகளும் உண்டு. பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதையில் கொல்லங்கோட்டுக்கு நிலையம் இருக்கிறது, பேருந்தும் உண்டு. காரில்தான் வர வேண்டும் என்றால், ஊருக்குள் உரிய இடத்தில் நிறுத்திவிட்டு நடக்கலாம். கொண்டுசென்ற புட்டியைத் திரும்ப எடுத்து வரலாம். வயலில் கால் வைக்குமுன் அங்கு நிற்பவரிடம் ஒரு சொல் கேட்கலாம்.

வங்கிக் கணக்கு வைத்திருக்கும் நம் அனைவருக்கும் ஒன்று தெரியும்: நம் செலவைப் பிறர் கணக்கில் எழுதினால் அதற்குச் சேமிப்பு என்று பெயர் இல்லை. நடந்ததாலும் பகிர்ந்துண்டதாலும் மிச்சமான பணம் நம் சேமிப்பு. சரிந்த வரப்பினால் மிச்சமான பணம் அந்த முதியவரிடம் நாம் பட்ட கடன்.

வரும் ஆடியில் மீண்டும் செல்ல எண்ணியிருக்கிறோம். இம்முறை திட்டத்தில் முதல் வரியாக ஊர்ப்பங்கை எழுதிவிட்டோம். படம் சாலையில் நின்றுதான்.